வாக்கும் அதனை அளக்கும் மரக்காலும்



நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் தேர்தல் முறைகளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இம்மேடை அமைக்கப்படவில்லை. அதனை அவரவர் தத்தம் மனச்சான்றைக் கேட்டு முடிவு செய்துகொள்வர். நாம் போடும் வாக்கு எவ்வாறு எண்ணப்படுகிறது, எண்ணும் முறை மாறினால் எவை எவை மாறும், அதனால் நம் மக்களுக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றைக் கற்றுக்கொள்வதே இன்றைய நோக்கம். கல்விச் சங்கத்தில் இதனைக் கற்காமல் வேறு எங்கே கற்பது?

களத்துமேட்டுக் கணக்கு

நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் களத்துமேட்டில் பட்டறிந்த உண்மை ஒன்று உண்டு. அறுத்ததும் அவர்கள், கட்டுச் சுமந்ததும் அவர்கள், அடித்துத் தூற்றிப் பொலி குவித்ததும் அவர்கள். ஆனால், அன்று மாலை வீட்டில் உலை கொதிக்குமா என்பதை அந்தப் பொலியின் உயரம் முடிவு செய்யவில்லை. கூலி அளக்க எடுத்த மரக்கால் முடிவு செய்தது. குவித்து அளந்தால் ஒரு கணக்கு; தலை வழித்து அளந்தால் வேறொரு கணக்கு. நெல் ஒன்றுதான், அளவை வேறாகையால் பயன் வேறாயிற்று. அந்த அளவைக்காகவே இத்தஞ்சைத் தரணியில் நம் மக்கள் போராடினர். கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. மரக்கால் சிறிய செய்தி என்று நம்மில் எவரும் சொல்ல மாட்டோம்.

வாக்கும் அத்தகையதே. மக்கள் இடும் வாக்குகள் பொலிக்கு ஒப்பானவை. அவற்றைச் சட்டமன்ற இடங்களாக மாற்றும் முறை மரக்காலுக்கு ஒப்பானது. பொலியைப் பற்றி ஊரெங்கும் பேசுகிறோம், சுவரெல்லாம் எழுதுகிறோம். மரக்காலைப் பற்றியோ எவரும் பேசுவதில்லை. இன்று நாம் அதனைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

முந்தியவர்க்கே முழுதும்

நம் நாட்டில் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நடைபெறும் தேர்தலில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். போட்டியிடுவோருள் எவர் மற்றெவரையும் விட ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெறுகிறாரோ அவரே வெற்றி பெற்றவர். பாதிக்கு மேல் வாக்குப் பெறவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கினைக் காண்போம். பத்துத் தொகுதிகள் உள்ள ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதிக்கு 10,000 வாக்குகள் பதிவாகின்றன. நான்கு கட்சிகள் போட்டியிடுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் முதற்கட்சி 4,200 வாக்குகளும், இரண்டாம் கட்சி 3,100 வாக்குகளும், மூன்றாம் கட்சி 1,900 வாக்குகளும், நான்காம் கட்சி 800 வாக்குகளும் பெறுகின்றன. முடிவு என்ன? பத்து இடங்களும் முதற்கட்சிக்கே. மாவட்டம் முழுவதும் அதற்கு வாக்களித்தோர் 42,000 பேர். அளிக்காதோர் 58,000 பேர். அந்த 58,000 பேரின் சார்பில் மன்றத்தில் எழுந்து பேச ஒருவரும் இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று எண்ண வேண்டா. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் ஓர் அணியே பெற்றது. தோற்ற அ.தி.மு.க. ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்றும் ஓர் இடமும் பெறவில்லை. பத்தாண்டுகள் கழித்து 2014இல் சக்கரம் சுழன்றது. அ.தி.மு.க. 44 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளுடன் 37 இடங்களை வென்றது, தி.மு.க. 24 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகள் பெற்றும் வெறுங்கையுடன் நின்றது. இன்று ஒருவர்க்கு இனிப்பது நாளை அவர்க்கே கசக்கிறது. ஆகவே, இது எந்தக் கட்சியின் குற்றமும் அன்று, மரக்காலின் இயல்பு.

அதே 2014இல் நம் நெஞ்சைத் தொடும் இன்னொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. இந்தியா முழுவதிலும் பெற்ற வாக்குகளின் எண்ணிக்கையில் பகுஜன் சமாஜ் கட்சி மூன்றாம் இடத்தில் இருந்தது. நாட்டில் பதிவான வாக்குகளில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் அதற்குக் கிடைத்தன. மக்களவையில் அது பெற்ற இடமோ ஒன்றுமில்லை. வாக்குகள் ஓரிடத்தில் குவியாமல் பரவிக் கிடந்ததே காரணம்.

எங்கும் உள்ளோம், எங்கும் சிறுபான்மை

இப்பொழுது நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவர் பட்டியல் வகுப்பினர். காவிரியின் கடைமடையான திருவாரூர் மாவட்டத்தில் மூவரில் ஒருவர் நம்மவர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்திலும் ஏறத்தாழ அதே நிலைதான். நடவும் அறுவடையும் நம் கைகளால் நடக்கும் மண்ணில் நாம் மிகுதியாக வாழ்வதில் வியப்பில்லை. ஆயினும் நாம் ஒரே இடத்தில் திரண்டு வாழவில்லை. ஊருக்கு ஒரு தெரு, வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குடியிருப்பு எனச் சிதறி வாழ்கிறோம். எல்லாத் தொகுதியிலும் உள்ளோம். எல்லாத் தொகுதியிலும் சிறுபான்மையாக உள்ளோம்.

இதன் பொருள் யாது? ஒற்றை உறுப்பினர் தொகுதியில் நம் வாக்கு வெற்றி தோல்வியை முடிவு செய்யலாம். வெற்றி பெறும் ஆளை நம் விருப்பப்படி நாமே தெரிந்தெடுக்க இயலாது.

'தனித் தொகுதிகள் இருக்கின்றனவே' என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 2008ஆம் ஆண்டுத் தொகுதி வரையறைப்படி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 44 பட்டியல் வகுப்பினர்க்கு உரியவை. நம் பகுதியில் சீர்காழி, கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, திருவிடைமருதூர் ஆகியவையும், மக்களவைக்கு நாகப்பட்டினமும் தனித் தொகுதிகளாயின. இவ்வொதுக்கீடு இல்லாதிருந்தால் அவைகளில் நம் முகத்தைக் காண்பதே அரிதாகி இருக்கும். அதனைக் காத்தல் நம் கடமை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தனித் தொகுதியில் வேட்பாளர் நம்மவர், வாக்காளர் எல்லோரும். அங்கும் நாம் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய இரு பங்கினரின் மனம் கோணாதவர்தாம் வெல்ல முடியும். நம் துன்பத்தை உரத்துச் சொல்பவர் அவர்களது வாக்கை இழக்கக்கூடும். இது உறுப்பினர்களின் குறை என்று நாம் கூறவில்லை. அவர்களைக் கட்டியுள்ள கயிறு எது என்பதையே காட்டுகிறோம்.

நாம் கடந்து வந்த முறைகள்

இக்கயிறு முடியப்பட்ட வரலாறு இளைஞர்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் மக்களின் கோரிக்கைகளை எடுத்துரைத்தனர். 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமரின் தீர்ப்பு வெளியாயிற்று. தாழ்த்தப்பட்ட மக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தனியாகத் தேர்ந்தெடுக்கவும், பொதுத் தொகுதியிலும் வாக்களிக்கவும் அது வழி செய்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் தொகுதி போயிற்று. அதற்கு ஈடாக மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் முதலில் நம் மக்கள் மட்டும் வாக்களித்து நால்வரைப் பொறுக்க வேண்டும். பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லாச் சமூகத்தாரும் கூடித் தேர்ந்தெடுப்பர். நம்மவர் வாக்கில் முதலாவதாக வந்தவரே பொதுவாக்கில் வெல்வார் என்னும் உறுதி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விடுதலைக்குப் பின் எல்லார்க்கும் வாக்குரிமை வந்தது. 1951-52இல் நடந்த முதற்பொதுத் தேர்தலில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. மக்களவைக்கு அமைந்த 401 தொகுதிகளுள் 86 அத்தகையவை. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 66. ஒரு தொகுதிக்கு இருவர். பெரும்பாலும் அவற்றுள் ஓரிடம் ஒதுக்கப்பட்ட இடம். வாக்காளர்க்கு இரண்டு வாக்குகள். நம் மாயூரம் அத்தகைய தொகுதியாக இருந்து கே. ஆனந்த நம்பியாரையும் வி. வீராசாமியையும் மக்களவைக்கு அனுப்பியது. அத்தேர்தலை அடுத்து அதே 1952ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டக் குத்தகைதாரர்க்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்தது. வாக்கு வயலுக்கு வந்து சேரும் என்பதற்கு அது சான்று.

அக்காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து அதில் சின்னத்தை ஒட்டியிருந்தனர். எழுத்தறியாதார் மிகுதி என்பதால் செய்த ஏற்பாடு அது. இரட்டைத் தொகுதியில் இரு சீட்டுகளையும் ஒருவருக்கே போட்டால் ஒன்றுதான் செல்லும். இந்த நுணுக்கம் எத்துணைப் பெரிது என்பதைப் பம்பாய் காட்டிற்று. 1952இல் வடக்குப் பம்பாய்த் தொகுதியில் அண்ணல் அம்பேத்கரே ஏறத்தாழ 14,000 வாக்குகளில் தோற்றார். அத்தொகுதியில் தள்ளப்பட்ட சீட்டுகளோ 70,000க்கும் மேல். அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவரையே அவைக்கு வெளியே நிறுத்தியதில் அன்றைய வாக்குமுறைக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு திருப்பமும் உண்டு. இரட்டைத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடம் நிரம்பிய பின்னர், எஞ்சியவருள் மிகுதியான வாக்குப் பெற்றவர் எச்சமூகத்தவராயினும் பொது இடம் அவர்க்கே உரியது. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் பழங்குடியினரான சூரி தோரா அவ்வாறு பொது இடத்தை வென்றார். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தோராவின் வெற்றி செல்லும் என்று 1959இல் தீர்ப்பாயிற்று. அதன்பின் 1961இல் இரட்டைத் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. தொகுதி மிகப் பெரிது, தொல்லை மிகுதி என்றெல்லாம் காரணம் கூறினர். ஓரிடம் தனி, ஓரிடம் பொது என்று இரண்டிலும் நம்மவர் கால்வைக்கக் கூடிய கதவு அத்துடன் மூடிற்று.

விகிதாசார முறை

இனி, வேறொரு மரக்காலைக் காண்போம். அதற்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று பெயர். வாக்கு எந்த அளவோ இடமும் அந்த அளவு என்பதே இதன் அடிப்படை.

முன்னர்ச் சொன்ன மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துத் தொகுதிகளாக வெட்டாமல் மாவட்டம் முழுவதையும் பத்து இடங்களுள்ள ஒரே தொகுதியாக்குவோம். வாக்குகள் ஒரு லட்சம், இடங்கள் பத்து, ஆகவே ஓரிடத்தின் விலை 10,000 வாக்குகள். முதற்கட்சி 42,000 பெற்றது: நான்கு இடம், மீதி 2,000. இரண்டாம் கட்சி 31,000: மூன்று இடம், மீதி 1,000. மூன்றாம் கட்சி 19,000: ஓரிடம், மீதி 9,000. நான்காம் கட்சி 8,000: முழு இடம் இல்லை, மீதி 8,000. எட்டு இடங்கள் நிரம்பின, இரண்டு எஞ்சின. மீதி மிகுதியாக உள்ளோர்க்கு அவற்றைத் தருவது ஒரு வழக்கம். அதன்படி மூன்றாம் கட்சிக்கு ஒன்று, நான்காம் கட்சிக்கு ஒன்று. முடிவு: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. வாக்கு ஒன்றும் மாறவில்லை. முன்னே பத்துக்குப் பத்தும் ஒருவர்க்கே போயின. இப்போது நால்வர்க்கும் அவரவர் பங்கு கிடைத்தது.

இங்கே கட்சிகள் வேட்பாளர் பட்டியலை முன்வைக்கும். பெற்ற இடங்களுக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து ஆட்கள் செல்வர். இது பட்டியல் முறை. மற்றொன்று, மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை. இதில் வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடுவார். முதல் விருப்பத்தவர் வேண்டிய அளவுக்கு மேல் பெற்றுவிட்டாலோ, மிகக் குறைவாகப் பெற்று விலக்கப்பட்டாலோ அவ்வாக்கு வீணாகாமல் அடுத்த விருப்பத்தவரிடம் செல்லும். மேல்மடை நிறைந்ததும் நீர் கீழ்மடைக்கு இறங்குவது போன்றது இது.

இம்முறை நமக்குப் புதிதன்று. நம் மாநிலங்களவைத் தேர்தலே இவ்வாறுதான் நடக்கிறது. வாக்காளர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வரும்போது 234 உறுப்பினர்களை ஆறுடன் ஒன்று கூட்டி ஏழால் வகுக்க வேண்டும். விடை முப்பத்து மூன்றும் சிறிது மிகுதியும். ஆகவே 34 பேரின் வாக்கு வேண்டும். ஏழு பேர் ஆளுக்கு 34 பெறவேண்டுமானால் 238 வாக்கு வேண்டும், அவ்வளவு இல்லை. அதனால் ஆறு பேர்க்கு மேல் எவரும் இந்த அளவை எட்ட முடியாது. 2021 தேர்தலின்பின் ஆளும் அணியில் 159 பேரும் எதிரணியில் 75 பேரும் இருந்தனர். 2022இல் ஆளும் அணிக்கு நான்கும் எதிரணிக்கு இரண்டும் எனப் போட்டியின்றியே முடிந்தது. எவருடைய பங்கு எவ்வளவு என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டபடியால் சண்டையிட இடமில்லை. தமக்கு அவை நடத்த இம்முறை தகும் என்று கண்ட நாடு, மக்கள் நேரே வாக்களிக்கும் தேர்தலுக்கு இதனைத் தரவில்லை. அன்றியும், மாநிலங்களவையில் பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கீடு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு அப்பால்

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நின்றால் எதிரே உள்ளது இலங்கை. அங்கே இரு மரக்கால்களையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தனர். 1977இல் நம்மைப் போன்ற பழைய முறையில் தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 51 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளுடன் 168 இடங்களுள் 140ஐப் பெற்றது. ஏறத்தாழ 30 விழுக்காடு பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் கூட்டணிக்கு, வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்தமையால், 18 இடங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. அம்முறையில் முதற்பொதுத் தேர்தல் 1989இல் நடந்தபோது அதே ஐக்கிய தேசியக் கட்சி அதே 51 விழுக்காட்டை ஒட்டிப் பெற்றது. இடங்களோ 225இல் 125தான். 32 விழுக்காட்டை ஒட்டிப் பெற்ற சுதந்திரக் கட்சி 67 இடங்கள் பெற்றது. 1977இல் எட்டு, 1989இல் அறுபத்தேழு!

அங்குள்ள மலையகத் தமிழர் நமக்கு அயலார் அல்லர். தஞ்சை, திருச்சி, சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்கள். அவர்களுள் பலர் நம் உறவினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்கும் போயிற்று. 1947க்குப் பின் அம்மக்களிலிருந்து மீண்டும் ஒருவர் தேர்தலில் வென்றது 1977இல்தான். அவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவர் வென்ற நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி என்பதை உற்று நோக்குங்கள். சிதறிய சிறுபான்மைக்குப் பல உறுப்பினர் தொகுதி தரும் வாய்ப்பு அத்தகையது.

நேப்பாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு இரு முறைகளையும் கலந்தது. 275 இடங்களுள் 165 நேரடித் தொகுதிகள், 110 விகிதாசாரம். கட்சிகள் தரும் விகிதாசாரப் பட்டியலில் தலித் மக்களுக்குரிய பங்கு சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. அங்கே தலித் உறுப்பினர்கள் பெரும்பாலும் இப்பட்டியல் வழியாகவே அவைக்கு வந்தனர். நேரடித் தொகுதியில் வென்றோர் மிகச் சிலரே.

மறுபுறத்தையும் காண்போம்

ஒரு பக்கத்தை மட்டும் கூறுதல் கல்வியாகாது. விகிதாசார முறைக்கும் குறைகள் உண்டு.

பட்டியலை எழுதுபவர் கட்சித் தலைவர்; பட்டியலின் அடியில் நம் பெயரை எழுதினால் நாம் என்றும் அடியிலேயே இருப்போம். தொகுதி பெரிதானால் 'எங்கள் ஊர் உறுப்பினர்' என்று கையைப் பிடித்துக் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார். கட்சிகள் பல்கி அமைச்சரவை அடிக்கடி கவிழவும் கூடும். இதனைத் தடுக்கக் குறைந்த அளவு வாக்கு ஒன்றை நாடுகள் விதிக்கின்றன. ஜெர்மனியில் அது ஐந்து விழுக்காடு. இலங்கையில் முதலில் மாவட்ட வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு என விதித்து, 1988இல் இருபதில் ஒரு பங்காகக் குறைத்தனர். அந்த வேலி உயர்ந்தால் சிறிய கட்சி உள்ளே வர இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விகிதாசார முறை வந்த பின்னரும் இலங்கையில் நெடும்போர் நடந்தது. நேர்மையான மரக்கால் வேண்டும். அதுமட்டும் இருந்தால் ஊரில் நீதி விளைந்துவிடாது.

அண்ணல் அம்பேத்கரின் கருத்து என்ன? 1949ஆம் ஆண்டு ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் விகிதாசார முறை கோரித் திருத்தம் வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. விருப்ப வரிசை இடுவதற்கு எண்ணறிவு வேண்டும். நம் மக்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர் என்பது ஒரு காரணம். அவை சிறு சிறு குழுக்களாகச் சிதறினால் நிலையான அரசு அமையாது என்பது மற்றொரு காரணம். ஆயினும் அவரே 1950களில் மொழிவாரி மாநிலங்களைப் பற்றி எழுதியபோது, சிறுபான்மையினரைக் காக்க இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் தொகுதிகளும், ஒருவர் தம் வாக்குகளை ஒருவருக்கே குவித்தளிக்கும் முறையும் வேண்டும் என்று கூறினார். நிலைமை மாறும்போது முறையையும் மறு ஆய்வு செய்தவர் அவர். 1999இல் இந்தியச் சட்ட ஆணையமும், இருக்கும் தொகுதிகளுடன் பட்டியல் முறையில் ஒரு பகுதி இடங்களைச் சேர்ப்பது பற்றி ஆராய்ந்தது.

இங்கேதான் நம் சங்கத்தின் பணி இக்கணக்குடன் சேர்கிறது. 1951ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர். 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதின்மர். நம் மக்களுள் நூற்றுக்கு எழுபதின்மர்க்கு மேல். அன்று அண்ணல் சுட்டிய தடை பெரும்பாலும் நீங்கிற்று. இரவுப்பள்ளியில் அரிக்கேன் விளக்கின் கீழ் எழுத்துக் கற்ற நம் முன்னோர், 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடத் தகுதியுடைய தலைமுறையை உருவாக்கித் தந்துள்ளனர்.

நாம் செய்யத் தக்கவை

சட்டம் நாளையே மாறிவிடாது. அதுவரை கைகட்டி இருத்தலும் தகாது.

முதலாவது, பட்டியலில் நம் பெயர் இருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் வாக்காளராகப் பதிந்துகொள்க. கூலி தேடித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் சென்றோரின் பெயர் விடுபட்டதா என்பதைத் தெருவுக்கு இருவர் பார்த்து வருக. எண்ணும் முறை எதுவாயினும் போடாத வாக்கை எந்த மரக்காலும் அளக்காது.

இரண்டாவது, தனித் தொகுதியில் யார் நிற்க வேண்டும் என்பது வெளியூரில் முடிவாகும் வரை நாம் வாய்மூடி இருத்தல் கூடாது. எக்கட்சியில் இருப்பினும், வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டத்திலேயே நம் குரல் ஒலிக்க வேண்டும். பூனா ஒப்பந்தம் தந்து பின் மறைந்த அந்த முதற்கட்ட உரிமையை நாமே கட்சிகளுக்குள் மீட்கலாம்.

மூன்றாவது, நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டியது. நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறோம்? கை தூக்கச் சொல்கிறோம். பெரும்பான்மைத் தெருவின் கைகள் உயர்கின்றன. எல்லா இடங்களும் அத்தெருவுக்கே போகின்றன. பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுச் செல்கின்றனர். நம்முள்ளேயே எண்ணிக்கையில் சிறிய பிரிவினர்க்கு எத்தனை முறை செயலாளர் பதவி கிட்டியது? நம்மை விகிதப்படி நடத்துமாறு நாட்டைக் கேட்கிறோம். நம்மில் சிறியோரை நாம் அவ்வாறு நடத்துகிறோமா? இக்கேள்விக்கு நாணாமல் விடை சொல்ல முடிந்தால்தான் நம் கோரிக்கைக்கு வலிமை உண்டு.

ஆகவே, வரும் சங்கத் தேர்தலை மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் நடத்திப் பார்ப்போம். 120 பேர் வாக்களித்து ஐவரைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். 120ஐ ஆறால் வகுத்தால் 20. ஒன்று கூட்டினால் 21. இருபத்தொரு பெண்கள் ஒன்றுபட்டால் தம் சார்பாளர் ஒருவரை உறுதியாக அனுப்பலாம். இருபத்தொரு இளைஞர்கள் ஒன்றுபட்டாலும் அவ்வாறே. சிறிய தெருவும் பேசும். பள்ளிப் பிள்ளைகள் கரும்பலகையில் வாக்கை எண்ணட்டும். பெரியோர்கள் பார்த்திருக்கட்டும். ஒருமுறை கண்ணாரக் கண்ட பிள்ளை வாழ்நாள் முழுதும் அக்கணக்கை மறவாது.

நம் தாத்தா களத்துமேட்டில் நின்று, 'தலை வழிக்காதே, குவித்து அளந்து போடு' என்று கேட்டார். கேட்பதற்கு அவருக்குப் பள்ளிப்படிப்பு இல்லை, துணிவு இருந்தது. நமக்குப் படிப்பும் வாய்த்திருக்கிறது. அந்தத் துணிவையும் இந்தப் படிப்பையும் ஒன்று சேர்த்துக் கொண்டு அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அடியெடுத்து வைப்போமாக.

வாழ்க நம் கல்விச் சங்கம்! ஓங்குக மக்களாட்சி!